இருபத்தோராம் பக்கத்தில் இருக்கும் பள்ளி: இணையச் செயலியில் பக்க இணைப்புகளை அமைப்பது எப்படி?

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே இடத்தில் தரும் இணையச் செயலி ஒன்றை, பொது இயக்கம் ஒன்றின் தொண்டூழியர்கள் உருவாக்குவதாக வைத்துக்கொள்ளலாம். முதலாம் ஆண்டுப் பதிவுக்காக வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியைத் தேடும் பெற்றோருக்கு அது பேருதவியாக இருக்கும்.

தகவலைத் திரட்டுவதற்கே பல மாதங்கள் ஆகும். ஆனால், அந்தத் தகவலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, 1, 2, 3 என்று எண்களை அடியில் போடும் வேலை பெரும்பாலும் கடைசி நாளில்தான் நடக்கிறது. அதில் நேரும் சிறு பிழையால் சில பள்ளிகள் பட்டியலில் இருந்தும் யார் கண்ணிலும் படாமல் போகக்கூடும். மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டப்புறப் பள்ளிக்கு அது சிறிய இழப்பன்று.

எத்தனை பக்கங்கள்?

பட்டியலில் 510 பள்ளிகள் இருப்பதாகவும், பக்கத்திற்கு 25 பள்ளிகள் காட்டப்படுவதாகவும் கொள்வோர் 510ஐ 25ஆல் வகுப்பர். விடை 20.4. பல நிரல்மொழிகளில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் தானாக நீக்கப்பட்டு 20 மட்டுமே மிஞ்சும். செயலியும் 20 இணைப்புகளோடு நின்றுவிடும். எஞ்சிய 10 பள்ளிகள் தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கும். ஆனால் அவற்றுக்குப் போகும் வழி இருக்காது. ஆகவே, விடையை எப்போதும் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். இங்கே 21 பக்கங்கள் தேவை.

ஒரு பக்கத்தைக் காட்டுவதற்கு முன் எத்தனை பதிவுகளைத் தாண்ட வேண்டும் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. பக்க எண்ணில் ஒன்றைக் கழித்து, 25ஆல் பெருக்க வேண்டும். முதல் பக்கத்திற்கு 0, இரண்டாம் பக்கத்திற்கு 25, இருபத்தோராம் பக்கத்திற்கு 500. ஒன்றைக் கழிக்க மறந்தால் முதல் 25 பள்ளிகள் காணாமல் போகும்.

வரிசை மாறினால் பள்ளியும் மறையும்

பக்கம் பிரிப்பதற்கு முன் பட்டியலுக்கு நிலையான வரிசை வேண்டும். மாநில வாரியாக மட்டும் வரிசைப்படுத்தினால், பேராக்கில் உள்ள பள்ளிகளுக்குள் எது முதலில், எது அடுத்து என்பதைத் தரவுத்தளம் உறுதி செய்வதில்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அந்த வரிசை மாறலாம். அதனால் ஒரே பள்ளி மூன்றாம் பக்கத்திலும் நான்காம் பக்கத்திலும் வரும். இன்னொரு பள்ளி இரண்டிலுமே வராது. மாநிலம், பெயர் ஆகியவற்றுக்குப் பிறகு, ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக உள்ள குறியீட்டு எண்ணையும் வரிசைக்குச் சேர்த்துவிட்டால் இச்சிக்கல் தீரும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணினி தன் போக்கில் வரிசைப்படுத்தும்போது ஒருங்குறி எண்களைத்தான் பார்க்கிறது. ஒருங்குறியில் ‘ன’ என்னும் எழுத்து ‘ந’வுக்கும் ‘ப’வுக்கும் இடையே உள்ளது. எனவே அன்பு, அம்மா, அறிவு என்று கணினி அடுக்கும். தமிழ் நெடுங்கணக்கின்படி வரவேண்டியதோ அம்மா, அறிவு, அன்பு என்னும் வரிசை. அதேபோல் ‘ஜோகூர்’ சிலாங்கூரை அடுத்து வந்துவிடும். அகராதி மரபில் கிரந்த எழுத்துகள் ‘ன’வுக்குப் பின்னரே வரவேண்டும். பெயரைத் தேடிப் பக்கங்களைப் புரட்டுபவர், வழக்கமான இடத்தில் அது இல்லை என்றால் பள்ளியே பட்டியலில் இல்லை என்று முடிவு செய்துவிடுவார். தரவுத்தளத்திலும் உலாவியிலும் தமிழ் அகரவரிசைக்கான அமைப்பு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எல்லா எண்களும் தேவையா?

கைப்பேசித் திரையில் 21 எண்களை வரிசையாகப் போட்டால் விரல் தவறாமல் தொடுவது கடினம். பயனர் பத்தாம் பக்கத்தில் இருந்தால் 1, அதன்பின் மூன்று புள்ளிகள், 9, 10, 11, மீண்டும் மூன்று புள்ளிகள், 21 என்று காட்டுவதே போதுமானது. இரு பக்கமும் ‘முந்தைய பக்கம்’, ‘அடுத்த பக்கம்’ என்னும் சொற்கள் இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் முந்தையதும், கடைசிப் பக்கத்தில் அடுத்ததும் வேலை செய்யக்கூடாது. ‘510 பள்ளிகளில் 226 முதல் 250 வரை’ என்ற ஒரு வரியும் இருந்தால், தாம் எங்கே நிற்கிறோம் என்பது பயனருக்குத் தெரியும்.

எண்களே வேண்டாம், கீழே இழுக்க இழுக்கப் பட்டியல் நீண்டுகொண்டே போகட்டும் என்பது சிலரின் கருத்து. பொழுதுபோக்குக்கு அது பொருந்தும். குறிப்பிட்ட ஒன்றைத் தேடுவோருக்குப் பொருந்தாது. பக்கத்தின் அடியில் இருக்கும் தொடர்பு எண்ணைக்கூட எட்ட முடியாமல் போகலாம். கூகள் நிறுவனம் தன் தேடல் முடிவுகளில் 2021ல் கைப்பேசிக்கும், 2022ல் கணினிக்கும் தொடர் உருட்டலைக் கொண்டுவந்தது. 2024ல் அதைக் கைவிட்டது.

முகவரியில் பக்க எண்

சில செயலிகளில் எத்தனையாம் பக்கத்திற்குப் போனாலும் உலாவியின் முகவரி மாறுவதில்லை. அப்படியிருந்தால் பதினான்காம் பக்கத்தில் ஒரு பள்ளியைக் கண்ட தாய், அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் கணவருக்கு அனுப்பும்போது அவருக்கு முதல் பக்கமே திறக்கும். பின்செல்லும் பொத்தானை அழுத்தினாலும் அதே கதைதான். பக்க எண் முகவரியிலேயே இருக்க வேண்டும்.

தேர்வுகளும் உடன் செல்ல வேண்டும். சிலாங்கூரை மட்டும் தேர்ந்தெடுத்தவர் அடுத்த பக்கத்தை அழுத்தியதும் எல்லா மாநிலங்களும் வந்து நின்றால் அவர் எரிச்சலடைவார். மாநிலத்தை மாற்றும்போது மட்டும் பட்டியல் முதல் பக்கத்திற்குத் திரும்ப வேண்டும்.

முகவரியில் எண் இருப்பதால் யாரும் அதை மாற்றி எழுத முடியும். 22 என்றோ, கழித்தல் 3 என்றோ, எழுத்தாகவோ கொடுத்தால் செயலி தடுமாறக்கூடாது. பக்க எண் சரியான முழு எண்தானா, எல்லைக்குள் இருக்கிறதா என்பதைத் தரவுத்தளத்திடம் கேட்பதற்கு முன்பே சோதிக்க வேண்டும். இல்லாத பக்கத்தைக் கேட்டால் ‘அப்படியொரு பக்கம் இல்லை’ என்று சொல்லி, பட்டியலின் தொடக்கத்திற்கு வழி காட்டலாம்.

பார்வைக் குறைபாடு உள்ளோருக்கு

திரைவாசிப்பான் வழியாகப் பக்கத்தைக் கேட்பவருக்கு வெறும் ‘இரண்டு, இணைப்பு’ என்று ஒலித்தால் எதுவும் விளங்காது. எண்களின் தொகுதியை வழிசெலுத்தல் பகுதி என்று குறியீட்டில் அறிவித்து, அதற்குத் ‘பள்ளிப் பட்டியலின் பக்கங்கள்’ என்பது போன்ற பெயரும் தரவேண்டும். தற்போதைய பக்கம் எது என்பதை நிறத்தால் மட்டும் காட்டினால் போதாது. அதற்கான குறியீட்டுப் பண்பையும் சேர்க்க வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிப்பிட்டால்தான் வாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும்.

2023 அக்டோபரில் வெளிவந்த இணைய அணுகல் வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பு, தொடும் பகுதி குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் அல்லது அதற்கு ஈடான இடைவெளி வேண்டும் என்கிறது. மூத்தோரின் விரல்களுக்கு அதைவிடப் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. மேலும், அந்த எண்கள் உண்மையான இணைப்புகளாக இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் பொத்தானாக மட்டும் இருந்தால், தேடுபொறியின் நிரல்கள் அதைத் தொடர்ந்து அடுத்த பக்கத்திற்குச் செல்வதில்லை.

வெளியிடுவதற்கு முன்

செயலியை அறிமுகம் செய்வதற்கு முன் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யலாம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வோர் இணைப்பையும் அழுத்தி, தோன்றும் பள்ளிகளை எண்ண வேண்டும். 20 பக்கங்களில் 25 வீதம் 500; இருபத்தோராம் பக்கத்தில் 10. எந்தப் பள்ளியும் இருமுறை வராமல் மொத்தம் 510 என்று வந்தால், பட்டியலில் ஒரு பள்ளியும் விடுபடவில்லை என்று பொருள். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும்.