திமில் மகசீர்

திமில் மகசீர் என்பது காவிரி ஆற்றிலும் அதன் சில துணையாறுகளிலும் மட்டுமே இயற்கையாக வாழும் நன்னீர் மீன் ஆகும். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வளர்ந்த மீனின் தலைக்குப் பின்னால் முதுகு மேடிட்டு, காளையின் திமில் போல உயர்ந்திருக்கும். துடுப்புகள் செம்மஞ்சள் நிறம் கொண்டவை. ஐம்பது கிலோவுக்கு மேல் வளரக்கூடிய இம்மீன், உலகின் மிகப் பெரிய கெண்டை வகைகளுள் ஒன்று. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018ஆம் ஆண்டு இதைத் தன் செம்பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்று சேர்த்தது. காட்டு வாழிடத்தில் அற்றுப்போவதற்கு முந்தைய நிலை இது.

இம்மீன் அழிவின் விளிம்புக்கு வந்த கதையில், அணைகளுக்கும் தோட்டா வீச்சுக்கும் இணையான பங்கு ஒரு பெயர்க் குழப்பத்துக்கு உண்டு. நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் அறிந்திருந்த இம்மீனுக்கு, 2018 வரை உறுதியான அறிவியல் பெயர் இல்லை.

புகழ் இருந்தது, பெயர் இல்லை

சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர் இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பது குறித்து 1873இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பிறகு தென்னிந்திய மகசீரைத் தேடித் தூண்டில்காரர்கள் வரத் தொடங்கினர். 1946இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்த மகசீரின் எடை 120 ராத்தல், அதாவது 54 கிலோவுக்கும் மேல். தூண்டிலில் அகப்பட்ட மகசீர்களில் மிகப் பெரியதாக இன்றும் சொல்லப்படுவது இதுவே.

ஆனால் அது எந்த இனம் என்பதில் தெளிவில்லை. மகசீர்கள் ‘டோர்’ என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. இப்பேரினத்து மீன்கள் ஒன்றுக்கொன்று உருவத்தில் நெருங்கியவை. வயது, உணவு, வாழும் நீரின் தன்மை ஆகியவற்றுக்கேற்ப ஒரே இனத்து மீன்களே வெவ்வேறு நிறத்தில் தோன்றும். டபிள்யூ. எச். சைக்ஸ் என்ற படை அதிகாரி 1839இல் புனே வட்டாரத்து மீன்களை விவரித்தபோது ‘குத்ரீ’, ‘முசுல்லா’ என்ற இரண்டு பெயர்களைத் தந்திருந்தார். பிற்காலத்தில் பலர் காவிரியின் திமில் மீனையும் அந்த முசுல்லாவாகவே கருதினர். புனேயின் ஆறுகள் கிருஷ்ணா வடிநிலத்தைச் சேர்ந்தவை. காவிரியோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. சைக்ஸின் முசுல்லா ஒரு மகசீரே அல்ல, அது வேறு பேரினத்து மீன் என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆக, காவிரி மீன் மீண்டும் பெயரற்றதாயிற்று.

பெயர் என்பது ஏட்டில் எழுதிவைக்கும் அலங்காரம்தானே என்று தோன்றலாம். பாதுகாப்பு முறைமையில் அப்படி அன்று. ஓர் இனம் எது என்று வரையறுத்த பிறகே அதன் எண்ணிக்கை எவ்வளவு, பரப்பு எவ்வளவு, குறைகிறதா கூடுகிறதா என்று மதிப்பிட முடியும். வரையறை இல்லாத மீனுக்குச் செம்பட்டியலில் இடமில்லை. பட்டியலில் இல்லாததற்குத் திட்டமும் வராது, நிதியும் வராது.

நல்லெண்ணத்தில் விட்ட குஞ்சுகள்

இந்தக் குழப்பத்தின் நடுவே இன்னொன்று நடந்தது. மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில், டாட்டா மின் நிறுவனத்தின் அணை நீர்த்தேக்கங்களை ஒட்டி, மகசீர்களைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யும் பண்ணை 1970களில் உருவானது. மகசீரைப் பண்ணையில் பெருக்குவது எளிதன்று. கட்லா, ரோகு போல அது லட்சக்கணக்கில் முட்டையிடுவதில்லை. முட்டைகள் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. இயற்கையில் மழைக்காலத்தில் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி, கூழாங்கல் படுகைகளில், காற்றோட்டம் மிகுந்த நீரில் முட்டையிடும். இவ்வளவையும் தொட்டிக்குள் சாதித்தது அக்காலத்தில் பெரிய செயல்தான். அங்கே பெருக்கப்பட்ட முக்கிய இனம் ‘டோர் குத்ரீ’, அதாவது நீலத்துடுப்பு மகசீர்.

அதன் குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளுக்கு அனுப்பப்பட்டன. காவிரியிலும் விடப்பட்டன. மகசீர் குறைகிறது, எனவே மகசீர் குஞ்சுகளை விடுவோம் என்ற எண்ணம் அன்று யாருக்கும் தவறாகப் படவில்லை. காவிரியில் குறைந்துகொண்டிருந்தது ஒரு மகசீர். விடப்பட்டது வேறொரு மகசீர். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்ததால் வேறுபாடு கண்ணில் படவில்லை.

தூண்டில்காரர் பதிவேடுகள்

கர்நாடகப் பகுதிக் காவிரியில், சிவனசமுத்திர அருவிக்கும் மேகேதாட்டுக்கும் இடையே பீமேஸ்வரி, தொட்டமக்கலி, கலிபோரே ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் இருந்தன. பிடித்த மீனை எடைபார்த்துவிட்டு உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள் சிலர் முகாம்களில் வழிகாட்டிகளாக வேலைக்குச் சேர்ந்தனர். ஆற்றின் ஒவ்வொரு மடுவும் பாறையும் அறிந்தவர்களுக்கு, மீனைக் கொல்வதைவிடக் காப்பதில் வருமானம் கூடுதலாக இருந்தது.

முகாம்கள் விட்டுச்சென்ற சொத்து பதிவேடுகள். யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், எவ்வளவு எடை என்பதெல்லாம் அவற்றில் உண்டு. இங்கிலாந்தின் போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டரும், கேரளத்தின் ராஜீவ் ராகவனும், ராபர்ட் பிரிட்டனும் கலிபோரே முகாமின் 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தனர். 23,620 மணி நேர முயற்சியில் 6,161 மகசீர்கள் பிடிபட்டிருந்தன.

இங்கே மாணவர்கள் ஒரு முறையைக் கவனிக்க வேண்டும். ஆற்றிலுள்ள மீன்களை எண்ண முடியாது. பிடிபட்ட மொத்த எண்ணிக்கையும் உதவாது, ஏனெனில் கூடுதலானோர் தூண்டில் போட்டால் கூடுதலாகவே பிடிபடும். எனவே பிடிபட்ட மீன்களைச் செலவிட்ட மணி நேரத்தால் வகுக்கின்றனர். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீன் என்ற அந்த விகிதம் உயர்ந்தால், ஆற்றில் மீன் பெருகியிருக்கிறது என்று கொள்ளலாம்.

கலிபோரேயில் அந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்திருந்தது. மீன்களின் சராசரி எடை குறைந்திருந்தது. சிறிய மீன்கள் அதிகம் என்றால் இனப்பெருக்கம் நன்றாக நடக்கிறது என்று பொருள். முகாமின் காவல் பலன் தந்திருக்கிறது, மகசீர் மீண்டுவருகிறது என்பதே கணக்கு சொன்ன செய்தி.

பின்னர் அதே பதிவுகளைத் திமில் மகசீர் தனியாகவும் நீலத்துடுப்பு மகசீர் தனியாகவும் பிரித்துப் பார்த்தனர். செய்தி தலைகீழாக மாறியது. பெருகியிருந்தவை நீலத்துடுப்பு மகசீர்கள். திமில் மகசீரின் பங்கு ஆண்டுதோறும் சரிந்திருந்தது. அகப்பட்ட சிலவும் பெரும்பாலும் பெரிய, வயதான மீன்கள். இளம் மீன்களைக் காணோம். முதியோர் மட்டும் எஞ்சிய ஊர் போன்ற நிலை அது. 2015இல் வெளியான அவர்களது கட்டுரை, இம்மீன் அற்றுப்போகும் திசையில் செல்கிறதா என்ற கேள்வியைத் தலைப்பிலேயே எழுப்பியது. முதற்கணக்கில் எண்கள் எதுவும் பிழையில்லை. இரண்டு இனங்களை ஒன்றாகக் கூட்டியதுதான் பிழை.

பாம்பாற்றில் கிடைத்த விடை

கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாறு மறையூர், சின்னாறு வழியாக இறங்கித் தமிழ்நாட்டின் அமராவதி அணையை வந்தடைகிறது. அமராவதி காவிரியில் கலக்கிறது. இந்தப் பாம்பாற்றிலிருந்து கிடைத்த இளம் மீன்களைக் கொண்டு மதுசூதன குறுப்பு, ராதாகிருஷ்ணன் ஆகிய இரு கேரள ஆய்வாளர்கள் ‘டோர் ரெமாதேவி’ என்ற புதிய இனத்தை விவரித்திருந்தனர். இந்திய விலங்கியல் அளவைத் துறையின் மீனியல் அறிஞர் ரெமாதேவியைச் சிறப்பிக்கும் வகையில் வைக்கப்பட்ட பெயர் அது. இளம் மீன்களில் திமில் முழுமையாக எழுந்திருக்காது. ஆகவே இதுவும் காவிரியின் புகழ்பெற்ற மீனும் ஒன்றே என்று அப்போது எவரும் முடிவு கட்டவில்லை.

மோயாற்றில் கிடைத்த திமில் மகசீர்களின் உடலமைப்பையும் மரபணுவையும் பாம்பாற்று மீன்களோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே இனம் என்பது உறுதியானது. 2018இல் வெளியான இந்த ஆய்வில் பிண்டர், ராகவன் ஆகியோருடன் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலனும், சென்னையைச் சேர்ந்த மார்கஸ் நைட்டும் பங்கேற்றனர். தாமஸின் நூல் வெளிவந்து 145 ஆண்டுகள் கழிந்திருந்தன. பெயர் உறுதியான அதே ஆண்டிலேயே செம்பட்டியலில் இம்மீன் இடம்பெற்றது. நீலத்துடுப்பு மகசீரும் அந்த ஆண்டு மறுமதிப்பீடு செய்யப்பட்டு, ‘தீவாய்ப்புக் கவலை குறைந்த இனம்’ என்ற நிலைக்கு இறக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளாகக் காப்பாற்றப்பட்ட மீனுக்கு ஆபத்தில்லை. கவனிக்கப்படாத மீன் முடியும் தறுவாயில் இருந்தது.

இன்றைய நிலை

அயல் மீன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கிருஷ்ணராஜசாகர், மேட்டூர், பவானிசாகர், அமராவதி என அணைகள் காவிரி வடிநிலத்தைத் துண்டுகளாக்கிவிட்டன. மேலேறி முட்டையிடும் மீனுக்கு வழி அடைபட்டது. மணல் அள்ளுவதால் ஆற்றுப்படுகை சீர்குலைகிறது. தோட்டா வீசியும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பவர்கள், பல ஆண்டுகள் வளர்ந்த தாய் மீனையும் குஞ்சுகளையும் ஒரே நொடியில் அழித்துவிடுகின்றனர். தூண்டில் முகாம்கள் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருந்ததால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தூண்டிலும் வேட்டையே என்று கொள்ளப்பட்டு, 2012 வாக்கில் அவை நின்றுபோயின. சட்டத்தின் நோக்கம் சரியானதே. ஆயினும் பதிவேடும் அத்துடன் நின்றுபோனது; ஆற்றங்கரையில் நாள்தோறும் இருந்த கண்களும் குறைந்தன.

முகாம்கள் இருந்த அந்தப் பள்ளத்தாக்கில்தான் மேகேதாட்டு அணையைக் கட்டக் கர்நாடகம் திட்டமிட்டுள்ளது. தமிழ்நாடு அதை எதிர்க்கிறது. இரு மாநிலங்களும் ஆயிரம் பக்கங்களில் பேசுவது தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றி. அந்தத் தண்ணீரில் வாழும் மீனைப் பற்றிய பேச்சு அரிதாகவே கேட்கிறது.

மோயாறு இப்போது இம்மீனின் முக்கியமான புகலிடம். நீலகிரியில் பிறந்து, முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் ஊடே ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடி, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் சேரும் ஆறு அது. புலிக்காகக் காக்கப்பட்ட காடு மீனுக்கும் காவலாயிற்று. ஆனால் பைக்காரா, மோயாறு புனல்மின் நிலையங்களின் இயக்கத்தைப் பொறுத்தே அந்த ஆற்றில் நீர் கூடுவதும் குறைவதும் நிகழ்கின்றன. எந்த மாதத்தில் எவ்வளவு நீர் ஓடினால் கூழாங்கல் படுகையிலுள்ள முட்டைகள் வறண்டுபோகாமல் பொரியும் என்பதை அளந்து, மின் நிலையங்களின் நீர் விடுவிப்பை அதற்கேற்ப அமைப்பது, குஞ்சுகளை வாங்கி விடுவதைவிட முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை.