காசில் உள்ளது பிழையா, பழுதா?



திட்டக்குடியில் தலைமையாசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், காசு சேர்ப்பதை ஒரு பொழுதுபோக்காகக் கொண்டேன். அதை அறிந்த பழைய மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு ரூபாய் நாணயம் ஒன்றுடன் வந்தார். வெள்ளாற்றங்கரையில் சிறிது நிலம் வைத்துப் பயிரிடுபவர் அவர். அந்நாணயத்தின் ஒரு பக்கத்தில் எழுத்துகள் குழிந்து, இடவலம் மாறிக் காணப்பட்டன.

"ஐயா, இதற்கு இரண்டு இலட்சம் தருவார்களாம். முதலில் எட்டாயிரம் ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?" என்று கேட்டார். விதைநெல்லுக்கென வைத்திருந்த பணம் அவர் மடியில் இருந்தது.

இதற்கு விடை கூற வேண்டுமானால், நாணயம் பிறக்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய 4 ஊர்களில் நம் நாட்டு நாணயச்சாலைகள் உள்ளன. அங்கே உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. வில்லையின் ஓரம் உருட்டி உயர்த்தப்படுகிறது. பின்னர் ஒரு வளையத்துக்குள், இரண்டு அச்சுகளுக்கிடையே அழுத்தப்பட்டு, இரு பக்கமும் ஒருங்கே பதிகின்றன. இவ்வேலை முடிவதற்குள் நேர்ந்த தவறே அச்சுப்பிழை. முடிந்தபின் நேர்ந்தது எதுவாயினும் அது பழுதே. பிழைக்குச் சேகரிப்போரிடம் மதிப்பு உண்டு, பழுதுக்கு இல்லை.

இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? முதலாவது, கோட்டைப் பாருங்கள். அச்சில் வெடிப்பு இருந்தால் உலோகம் அதனுள் புகும். ஆகவே நாணயத்தில் அது மேடான கோடாகத் தெரியும். ஆணியின் கீறலோ ஏர் ஓட்டிய சால் போன்றது. நடுவே பள்ளமும் ஓரத்தில் சிறு வரப்பும் இருக்கும்.

இரண்டாவது, ஓரத்தைப் பாருங்கள். முன்பே துளைத்த இடத்தின்மேல் மீண்டும் வெட்டினால், வில்லை பிறைபோல் குறைபடும். அக்குறைக்கு நேர் எதிரே விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். உருட்டும்போது அங்கே தக்க அழுத்தம் கிட்டாததே காரணம். அரத்தால் அராவிய காசில் எதிர்விளிம்பு செம்மையாகவே நிற்கும். எழுத்து மட்டும் திடீரென அறுபட்டிருக்கும்.

மூன்றாவது, எடை. 1992இல் வெளிவந்த எஃகு ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 4.85 கிராம். அமிலத்தில் ஊறிய காசு மெலிந்து எடை குறையும். எழுத்துகளும் கரைந்தாற்போல் தோன்றும்.

பழங்காசுக்கு மட்டும் இவ்வளவுகோல் பொருந்தாது. இராசராச சோழன் காலத்துச் செப்புக்காசுகள் கையால் அடிக்கப்பட்டவை. அவற்றில் உருவம் நடுவிலிருந்து விலகியிருப்பது இயல்பே. அதை அரும்பிழை என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள்.

இனி மாணவரின் காசுக்கு வருவோம். அடித்த நாணயம் வெளியேறாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அந்த நாணயமே பதியும். அப்போது ஒரு பக்கத்தில் மேடாக உள்ள அதே உருவம், மறுபக்கத்தில் குழிந்து இடவலம் மாறித் தோன்றும். இது மெய்யான பிழை. மாணவரின் காசை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினேன். குழிந்த எழுத்துகளுக்கு அடியில், அப்பக்கத்துக்கு உரிய பழைய எழுத்துகள் நசுங்கிக் கிடந்தன. மறுபக்கமும் தட்டையாகியிருந்தது. இரண்டு காசுகளைச் சேர்த்து யாரோ பட்டறையில் வைத்து நெருக்கியிருக்கிறார்கள்!

மேலும், காசு மெய்யானதே ஆயினும், வாங்குகிறவர் விற்கிறவரிடம் முன்பணம் கேட்பாரோ? இத்தகைய ஏமாற்று விளம்பரங்களை நம்ப வேண்டாமென்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் மக்களை எச்சரித்துள்ளது. தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவரிடம் ஏமாறலாகாது என்றும் அது அறிவித்தது.

இவற்றைக் கூறியதும் அவர் முகம் வாடிற்று. சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு அந்த ஒரு ரூபாயை என் மேசைமீது வைத்து, "பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஐயா" என்றார். விதைநெல் வாங்க விருத்தாசலம் பேருந்தில் ஏறினார்.

அக்காசு இன்றும் என்னிடம் உள்ளது. அதன் மதிப்பு ஒரு ரூபாய்தான். ஆயினும் காசு பார்க்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான்.