மீட்சியின் பாதை – 7: வீடு திரும்பிய பின்

குடிநோய்க்கு மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சை பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். கைநடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்த முதல் சில நாட்கள் போகும், எஞ்சியவை ஆலோசனைக்கு. அதன்பின் வருவது தொடர் கண்காணிப்பு. குடி திரும்பும் ஆபத்து முதல் 3 மாதங்களில் மிக அதிகம் என்பதால், இதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே. போதைச் சிகிச்சை முடித்தவர்களில் 40 முதல் 60 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புவதாக, 2000இல் தாமஸ் மக்லெல்லன் குழுவினர் எழுதினர். ரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் இதேபோல் திரும்பத் தலைதூக்குபவை என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர்.

மருந்து

நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் ஆகியவை குடிக்கும் வேட்கையைத் தணிப்பவை. டைசல்ஃபிராம் வேறு வகை. இது, மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசெட்டால்டிஹைடு மேலும் சிதையாமல் தடுக்கிறது. மாத்திரை போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கவும் கூடும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இந்த விளைவு இரண்டு வாரம்வரை நீடிக்கலாம். ஆகவே நோயாளி அறிந்து, சம்மதித்த பின்பே இதைத் தர வேண்டும். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுப்பது உயிருக்கே உலை வைக்கும்.

சறுக்கலும் வீழ்ச்சியும்

சம்பள நாள், துக்க வீடு, கல்யாணப் பந்தல், பழைய கூட்டாளியின் அழைப்பு ஆகியவை தெரிந்த ஆபத்துகள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகியவை சத்தமில்லாமல் வருபவை. எந்த நாளில் எந்த வழியாக வீட்டுக்குப் போவது, யாருக்கு முதலில் போன் செய்வது என்பதுவரை ஆலோசகருடன் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஒருமுறை குடித்துவிடும் சறுக்கலும் பழைய நிலைக்கே போய்விடும் வீழ்ச்சியும் ஒன்றல்ல என்பதை ஆலன் மார்லட்டும் ஜூடித் கோர்டனும் 1985இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். "எல்லாம் போச்சு, இனி என்ன?" என்ற எண்ணமே முதலாவதை இரண்டாவதாக்குகிறது.

குடும்பம்

குடித்த ஆண்டுகளில் வீட்டின் பொறுப்பெல்லாம் மனைவியின் தலையில் விழுந்திருக்கும். பிள்ளைகள் எதற்கும் அம்மாவிடமே போய்ப் பழகியிருப்பார்கள். குடியை விட்டு வந்தவர் பழைய இடத்தை உடனே எதிர்பார்ப்பார். வீட்டாரோ அவர் தாமதமாக வந்தால் வாயை முகர்ந்து பார்ப்பார்கள், சட்டைப் பையைத் துழாவுவார்கள். இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. நம்பிக்கை திரும்ப மாதங்கள் ஆகும். பண நிர்வாகம் போன்ற பொறுப்புகளைப் படிப்படியாக அவரிடம் திருப்பித் தருவது நல்லது. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தினருக்கும் தனித் திட்டம் நடத்துகிறது. துணையின் குடியால் வரும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தனிக் கவனிப்பு தேவை என்பதே இதன் அடிப்படை.

கூட்டங்கள்

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1957இல் இந்தியாவுக்கு வந்தது. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. புதியவருக்கு, நெடுநாள் குடிக்காதிருக்கும் ஒருவர் ஸ்பான்சராகத் துணை நிற்பார். வாழ்நாள் முழுதும் என்று மலைக்காமல், இன்று ஒருநாள் குடிக்காதிருப்பதே இலக்கு. 1951இல் பில்லின் மனைவி லோயிஸ் தொடங்கிய அல்-அனான், குடும்பத்தினருக்கானது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான அலட்டீன் 1957இல் உருவானது.

மீண்டும் குடித்தால்

போதையில் இருப்பவரிடம் வாதாடிப் பயனில்லை. தெளிந்ததும் ஆலோசகரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சில நாட்கள் தொடர்ந்து குடித்திருந்தால் வீட்டிலேயே சட்டென நிறுத்தக் கூடாது. வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம் என்பதால் மருத்துவர் மேற்பார்வை வேண்டும். அடிதடி இருந்தால் மனைவி, பிள்ளைகளின் பாதுகாப்புக்கே முதலிடம். உதவிக்கு மத்திய அரசின் 14446 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

(தொடரும்)