காற்று புகும் செங்கல் சுவர்
இந்தியன் காபி ஹவுஸ், தம்பானூர், திருவனந்தபுரம்

பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் பக்கத்தில் கிடைத்த இந்த இடம் சிறியது. அதனால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) மாடி மாடியாக அடுக்காமல், உணவுக்கூடத்தையே சாய்தளமாக்கி மேல்நோக்கிச் சுழலவிட்டார். வெளிச்சுவரை ஒட்டிய மேசைகளும் இருக்கைகளும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியவை. தரைதான் சரிவு, மேசை மட்டமாக நிற்கும்.

சுவரை நின்று பாருங்கள். இடையிடையே செங்கல்லை விட்டு அடுக்கியதால் உண்டானது இந்த ஜாலி, அதாவது துளைச் சுவர். கேரளத்தில் வெயிலைவிடப் புழுக்கமே பெரும் தொல்லை. வியர்வை உலர வேண்டுமானால் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். துளைகள் காற்றை உள்ளே விடுகின்றன. சுவரின் கனம் நேர்வெயிலையும் சாரலையும் பெருமளவு தடுக்கிறது. ஜன்னல் சட்டம், கண்ணாடி ஆகியவற்றின் செலவும் மிச்சம். பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சட்ட அழிகள் செய்யும் வேலையை இங்கே செங்கல் செய்கிறது, மிகக் குறைந்த செலவில். இந்த ஊர் வானிலையை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட உணவகச் சுவர் வேறொன்று இருப்பது அரிது.

உள்ளே போனால் கீழேயே உட்கார்ந்துவிடாமல் மேல் சுற்றுவரை ஏறிப் பாருங்கள்.