விரல்விட்டு எண்ணும் குழந்தைக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை!

'8 + 7 + 3 எவ்வளவு?' என்று கேட்டதும் பல குழந்தைகள் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள். எட்டையும் ஏழையும் கூட்டும்போதே தடுமாறி, 'எனக்குக் கணக்கு வராது' என்று நோட்டை மூடிவிடுவார்கள். அந்தப் பயத்தைப் போக்க ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போதும்.

தரையில் 8, 7, 3 என மூன்று குவியல்கள் வையுங்கள். முதலில் எட்டையும் ஏழையும் சேர்த்து, பிறகு மூன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். 18 வரும். மறுபடி பிரித்துவைத்து, இம்முறை ஏழையும் மூன்றையும் முதலில் சேர்க்கட்டும். 10! அதோடு எட்டைச் சேர்த்தால் அதே 18. வேலை மட்டும் சுலபமாகிவிட்டது. பாடப்புத்தகம் 'சேர்ப்புப் பண்பு' என்று சொல்வது இதைத்தான். பெயர் பிறகு வரட்டும். முதலில் கை பழகட்டும்.

அடுத்து, 8 + 5. ஐந்தை 2, 3 எனப் பிரித்து, இரண்டை எட்டோடு சேர்த்தால் 10. மீதி மூன்றையும் சேர்த்தால் 13.

ஒன்றைக் கவனியுங்கள். கழித்தலில் இது செல்லாது. 10 கொட்டையில் 5 எடுத்து, மேலும் 2 எடுத்தால் மீதி 3. ஐந்திலிருந்து இரண்டை முதலில் கழித்து, வரும் மூன்றைப் பத்திலிருந்து கழித்தால் 7. இந்த வித்தியாசத்தையும் குழந்தையே செய்து பார்க்கட்டும்.

தினமும் பத்து நிமிடம் போதும். 'பத்து எங்கே ஒளிஞ்சிருக்கு?' என்று குழந்தையே தேட ஆரம்பித்துவிடும்.