சொல்லத் தயங்கும் சுகவீனம்

கற்பிட்டிக் குடாநாட்டின் கடற்கரைக் கிராமங்களுள் கண்டக்குழியும் ஒன்று. மீன்பிடியும் கருவாடும் தோட்டச் செய்கையும் இப்பகுதி மக்களின் வாழ்வாதாரங்கள். இத்தகைய ஊர்களில் உழைக்கும் பெண்கள், இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் சிறுநீர் கசிவதை எவரிடமும் சொல்லத் துணிவதில்லை. “பிள்ளை பெற்ற உடம்பு, இப்படித்தான் இருக்கும்” என்ற ஒரு வார்த்தையோடு விடயம் முடிந்துவிடுகிறது. இது விதியன்று, சிகிச்சையுள்ள நோய் என்பதை எடுத்துரைப்பது எமது கடமையெனக் கருதுகிறோம்.

இடுப்பின் அடிப்பகுதியில் தொட்டில்போல் அமைந்துள்ள தசைகளே சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. பிரசவம், மாதவிடாய் நின்றபின் ஏற்படும் மாற்றங்கள், உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், ஓயாத பாரந்தூக்கல் என்பன இவற்றைத் தளர்த்துகின்றன. இத்தளர்ச்சியால் கசிவது ஒருவகை. சிறுநீர்ப்பை தானாகவே சுருங்குவதால் அடக்கமுடியாத அவசரம் ஏற்படுவது இன்னொரு வகை. கருப்பை கீழிறங்குவது வேறொன்று. நீரிழிவும் சிறுநீர்த் தொற்றும்கூட இவ்வறிகுறிகளைத் தோற்றுவிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. பரிசோதனை அவசியமாவது இதனாலேயே.

இதற்கென எடுத்த எடுப்பில் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. வீடு தேடி வரும் குடும்பநல மருத்துவிச்சியிடம் சொல்வதே முதற்படி. 1996ஆம் ஆண்டு முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடைபெறும் ‘சுவநாரி’ கிளினிக்குகளிலும் இதுபற்றிப் பேசலாம். தேவையெனில் அங்கிருந்து அரசினர் வைத்தியசாலையின் பெண்ணியல் வைத்திய நிபுணரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவர். அரசினர் கிளினிக்கில் கட்டணமில்லை. புரஸ்தாதச் சுரப்பி வீங்கி அவதியுறும் ஆண்கள் சிறுநீர்ப்பாதை சத்திரசிகிச்சை நிபுணரை நாடவேண்டும்.

செல்லுமுன் மூன்று நாட்களுக்கு எவ்வளவு நீர் அருந்தினோம், எத்தனை முறை சிறுநீர் கழித்தோம், எப்போது கசிந்தது என்பவற்றைக் குறித்து வைப்பது நன்று. பாவிக்கும் மருந்துகளையும் எடுத்துச் செல்லவேண்டும். நிபுணர் பிரசவ விபரங்களைக் கேட்பார், சிறுநீரைப் பரிசோதிப்பார், இருமச் சொல்லிப் பார்ப்பார். ஆண் வைத்தியராயின் பெண் தாதியொருவர் உடனிருக்க வேண்டுமெனக் கேட்கலாம். அவ்வாறு கேட்பதில் தவறேதுமில்லை.

அடுத்தது சத்திரசிகிச்சைதான் என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. உண்மை அதுவன்று. 1948இல் அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கீகல் எழுதி அறிமுகப்படுத்திய தசைப்பயிற்சியே இன்றும் கசிவுக்கான முதற் சிகிச்சை. சிறுநீரை அடக்குவதுபோல் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இப்பயிற்சியை, முறையாகக் கற்றுக்கொண்டு, குறைந்தது மூன்று மாதங்கள் தொடரவேண்டும். அவசரம் மிகுந்தோருக்குச் சிறுநீர்ப்பைப் பயிற்சியும் மருந்துகளும் உள்ளன. இறங்கிய கருப்பையைத் தாங்க வளையமொன்றைப் பொருத்தலாம். இவை பயனளிக்காதபோதே பெரும்பாலும் சத்திரசிகிச்சை பற்றி யோசிக்கப்படுகிறது.

கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பது தவறு. செறிந்த சிறுநீர் பையை மேலும் உறுத்தும். சிறுநீரில் இரத்தம், திடீரெனச் சிறுநீர் வெளியேறாமை, காய்ச்சலுடன் முதுகுவலி, கால்களில் மரத்துப்போதல் ஆகியன தோன்றினால் தாமதமின்றி வைத்தியசாலை செல்லவேண்டும்.

கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் செல்வதை நிறுத்திக்கொண்ட தாய்மாரும், தொழுகையின் சுத்தம் குறித்து உள்ளம் நொந்த தாய்மாரும் நம்மிடையே உள்ளனர். இடைவிடாது கசிபவர்கள் சுத்தம் செய்து, துணி வைத்து, நேரம் வந்தபின் ஒவ்வொரு பர்ளுக்கும் வுழூச் செய்து தொழ ஷாபிஈ மத்ஹபில் சலுகையுண்டு. தமது நிலை இதில் அடங்குமா என்பதை ஆலிமொருவரிடம் கேட்டறியலாம். மார்க்கம் தந்த சலுகை சிகிச்சையைத் தவிர்ப்பதற்கான காரணமாகிவிடக் கூடாது.

தாயொருத்தி வெளியே செல்லத் தயங்கினால், ஓயாது கழிவறையைத் தேடினால், காரணத்தைக் கனிவுடன் கேட்க வேண்டியவர்கள் வீட்டாரே. வெட்கத்தால் வருடக்கணக்கில் மூடிவைத்த நோய், ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னால் குணமாகத் தொடங்கலாம்.