ஏழே நாளில் சிவப்பழகா? உஷார்!

அடுத்த மாதம் உங்கள் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் என்று வைத்துக்கொள்வோம். பட்டுப்புடவை எடுத்தாயிற்று. மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. ஆனாலும் மனசில் ஒரு முள். "எல்லாம் சரிதான்... பொண்ணு கொஞ்சம் மாநிறமா இருக்காளே" என்று உறவுக்காரர் ஒருவர் இழுத்ததுதான் அந்த முள்.

வளையல் வாங்கப் போன ஃபேன்ஸி ஸ்டோரில், விற்பனைப் பெண் ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டுகிறாள்.

"இதைப் போட்டுப் பாருங்கக்கா. ஃபாரின் க்ரீம். ஏழே நாள்தான்... முகம் பால் மாதிரி ஆயிடும். எங்க அண்ணியே இதைத்தான் போடறாங்க!"

விலையும் அப்படி ஒன்றும் அதிகமில்லை. வாங்கி வந்துவிடுகிறீர்கள். ஏழு நாள் கழித்துப் பார்த்தால்... அவள் சொன்னது போலவே முகம் வெளுத்திருக்கிறது!

சந்தோஷப்படாதீர்கள். பயப்பட வேண்டிய இடமே அதுதான்.

"இதென்ன கூத்து? பலன் கொடுத்தால் நல்ல க்ரீம்தானே?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் தோலுக்கு நிறம் கொடுப்பது 'மெலனின்' என்கிற நிறமி. மேல்தோல், பழைய செல்களை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர ஏறக்குறைய நான்கு வாரம் பிடிக்கும். பவுடர் மாதிரி பூசி, கழுவினால் போய்விடுகிற வெளுப்பு வேறு விஷயம். கழுவிய பிறகும் நிற்கிற வெளுப்பை ஒரு வாரத்துக்குள் ஒரு க்ரீம் கொடுக்கிறது என்றால், அழகுப் பொருளில் இருக்கக் கூடாத ஏதோ ஒன்று அதில் இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் அது இரண்டில் ஒன்றாக இருக்கும். பாதரசம்... அல்லது ஸ்டீராய்டு.

கோட்டக்கல்லில் நடந்தது

பக்கத்து மாநிலமான கேரளாவில், மலப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது கோட்டக்கல். அங்கே ஒரு மருத்துவமனையின் சிறுநீரக டாக்டர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு பழுதாகி, உடம்புக்குத் தேவையான புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகிற ஒரு நோய் உண்டு. 'மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி' என்று பெயர். அதிலும் 'நெல்-1' என்கிற அபூர்வமான வகை அடுத்தடுத்து வர ஆரம்பித்தது.

2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இந்த நோயோடு வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு 'நெல்-1' வகை. "என்ன மருந்து சாப்பிட்டீங்க? என்ன பூசினீங்க?" என்று துருவித் துருவிக் கேட்டபோது, அந்த 15 பேரில் 13 பேர் ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்று... சிவப்பழகு க்ரீம்!

முகத்தில் பூசியது சிறுநீரகத்துக்கு எப்படிப் போயிற்று? பாதரசம், மெலனின் தயாரிக்கும் வேலையைத் தடுத்துவிடும். முகம் சீக்கிரம் வெளுப்பது அதனால்தான். ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. தோல் வழியாக ரத்தத்தில் கலந்து, கடைசியில் சிறுநீரகத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும். முகமும் காலும் வீங்குவது, சிறுநீர் நுரை நுரையாகப் போவது... இவையெல்லாம் அதன் அடையாளங்கள்.

ஆறுதலான செய்தி, க்ரீமை நிறுத்தியதும் அவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்துவிட்டது என்பதுதான். காரணத்தைக் கேட்டுக் கண்டுபிடித்ததால் வந்த பலன் அது.

இன்னொன்று. பூசுகிறவரோடு இந்த விவகாரம் முடிவதில்லை. தலையணை உறை, துண்டு, தொட்டுக் கொஞ்சும் கை... இவற்றின் மூலம் வீட்டில் உள்ள குழந்தைக்கும் பாதரசம் போகும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் மிக மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நம் பாட்டிகளுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை இங்கே ஞாபகப்படுத்துகிறேன். பழைய தெர்மாமீட்டர் உடைந்தால், "முதல்ல வளையலைக் கழட்டு!" என்பார்கள். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும் என்று தெரியும். சில வெளுப்பு க்ரீம்களின் டப்பாவிலேயே, 'தங்கம், வெள்ளி, அலுமினியம் மீது படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதியிருக்கும். நகைமேல் படக் கூடாத ஒன்று உங்கள் பெண்ணின் கன்னத்தில் படலாமா?

டியூபில் வரும் 'மாயம்'

இரண்டாவது ஆசாமி ஸ்டீராய்டு. இது மருந்துதான். எக்ஸிமா போன்ற தோல் நோய்களுக்கு, டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரைக்கும் போட்டால் அருமையான மருந்து. அதையே 'முகம் பளிச்னு ஆகும்' என்று மாசக்கணக்கில் தடவினால்தான் வினை.

முதல் சில நாட்களில் பருவும் சிவப்பும் அடங்கும். நிறம் கொஞ்சம் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து, உள்ளே ஓடும் சிவப்பு நரம்புகள் வெளியே தெரியும். முன்னைவிட மோசமாகப் பரு வரும். கன்னத்திலும் மோவாயிலும் முடி முளைக்கும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் திரும்பவும் அதையே எடுத்துத் தடவத் தோன்றும். ஒரு போதைப் பழக்கம் மாதிரிதான்!

நம் நாட்டில் 12 மருத்துவ மையங்களில் முகப் பிரச்னைக்காக வந்த 2,926 பேரை ஆராய்ந்து, 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்தது டாக்டர் அல்ல.

இது கைமீறிப் போகவே, 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆகவே டியூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் ஆகிய பெயர்களில் ஏதாவது இருந்தால், அது அழகு க்ரீம் இல்லை, மருந்து. பார்லர் தோழியோ, மாமியின் தங்கையோ சொன்னார்கள் என்று அதைத் தொடாதீர்கள்.

'ஹெர்பல்' என்றால் போதுமா?

"நாங்க கெமிக்கலே போடறதில்லைங்க. எல்லாம் மூலிகைதான்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். டப்பாவில் துளசி இலை படம் போட்டிருப்பதால் மட்டும் உள்ளே துளசி இருந்துவிடாது.

மருதாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரைத்து வைத்துவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தால், காலையில் ஆரஞ்சும் சிவப்புமாகப் பற்றியிருக்கும். ஆனால் கல்யாண வீடுகளில் 'பிளாக் மெஹந்தி' என்று ஒன்று வைக்கிறார்களே... அரை மணியில் கன்னங்கரேலென்று ஏறுமே, அது எப்படி? பல சமயம் அதில் கலந்திருப்பது தலைமுடி டையில் போடுகிற 'பி.பி.டி.' என்ற ரசாயனம். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வரைந்த கோலம் அப்படியே கொப்புளமாக எழும்பும். அது ஆறினாலும், உடம்பு அந்த ரசாயனத்தை மறக்காது. பல வருஷம் கழித்து நரைக்கு டை அடிக்கும்போது முகமே வீங்கலாம்.

இங்கேயும் அதே கதைதான், பார்த்தீர்களா? இயற்கை நிதானமாக வேலை செய்யும். அவசரமாக நிறம் ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, காரணத்தைக் கேளுங்கள்.

கவர்மென்ட் பார்த்துக்கொள்ளாதா?

சட்டம் இருக்கிறது. 1940-ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். அதன்கீழ் 2020-ல் வந்த விதிகள், முகப்பூச்சு போன்ற பொருட்களில் தற்செயலாகக் கலந்துவிடும் பாதரசம்கூட ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தன. தயாரிப்பவருக்கு லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டுச் சரக்குக்குப் பதிவு வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு க்ரீமையும் கடைக்கு வருவதற்கு முன்னால் அரசாங்கமே சோதித்துப் பார்த்து அனுப்புவதில்லை. யாரோ ஒருவர் பையில் போட்டுக் கொண்டுவந்து, கடையில் ரகசியமாக விற்கிற டப்பாவுக்கு லைசென்ஸும் இல்லை, பதிவும் இல்லை. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்துக் கடைகளில் சோதனையைத் தொடங்கியது. எடுத்த சாம்பிள்களில் சிலவற்றில் அனுமதித்த அளவைப்போல் 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்ததாக 2025-ல் அந்த மாநில அரசு அறிவித்தது.

ஆக, கடைசிக் காவல்காரர் நீங்கள்தான்!

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

காய்கறிக் கடையில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்குவீர்களா? அதே கெட்டிக்காரத்தனம் இங்கேயும் வேண்டும்.

* தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும் இருக்கிறதா? தயாரிப்பு லைசென்ஸ் எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும் என்ற விவரம்... இவை இல்லாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

* வெளிநாட்டுப் பொருளா? இங்கே இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, 'ஆர்.சி.' என்று தொடங்கும் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். புரியாத பாஷையில் மட்டும் எழுதியிருந்தால் அது உங்களுக்கானது இல்லை.

* என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலைப் படியுங்கள். மெர்க்குரி, மெர்க்குரிக், மெர்க்குரஸ், கலோமெல்... எல்லாம் பாதரசத்தின் மாற்றுப் பெயர்கள்தான். பட்டியலே இல்லையென்றால் இன்னும் மோசம்.

* வெளிச்சம் பட்டதும் க்ரீம் கருக்கிறதா? சாம்பல் நிறமாக இருக்கிறதா? உபயோகிக்காதீர்கள்.

* பார்லரில் லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து வழித்துப் பூசினால், "இது என்ன க்ரீம்? டப்பாவைக் காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

* எதை வாங்கினாலும் பில் வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. புதுப் பொருளை முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஹேர் டைக்கு அது அவசியம். ஆனால் அந்தச் சோதனையில் அலர்ஜி மட்டும்தான் தெரியும். பாதரசமோ ஸ்டீராய்டோ இருப்பது தெரியாது. "கையில் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை" என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறீர்களா?

பதற வேண்டாம். லேபிள் இல்லாத, சந்தேகமான க்ரீம் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதை ஒரு சாதாரணப் பரிசோதனை சொல்லிவிடும். பாதரச அளவைப் பார்க்க வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். வீக்கம், நுரை, ரத்தக்கொதிப்பு என்று எதற்குப் போனாலும், "இந்த க்ரீம் போடறேன் டாக்டர்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காமலும் இருக்கலாம்.

மாசக்கணக்கில் ஸ்டீராய்டு க்ரீம் போட்டவர்கள் தோல் டாக்டரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி விடுபடுவதுதான் நல்லது. நிறுத்திய சில வாரங்களுக்கு முகம் எரியும். அதற்குப் பயந்து மறுபடியும் அதே டியூபை எடுக்காமல் இருக்கத் துணை வேண்டும்.

புகார் செய்ய நினைத்தால் உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் கொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. பலருக்குத் தெரியாத ஓர் உரிமையும் உண்டு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அழகுப் பொருளை, கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கச் சட்டத்தின் 26-வது பிரிவு உங்களுக்கு இடம் தருகிறது.

சரி, நிச்சயதார்த்தத்துக்கு என்னதான் செய்வது? வெயிலில் போகும்போது குடை, டப்பாவில் எல்லா விவரமும் உள்ள ஒரு சன்ஸ்க்ரீன், வேளைக்குச் சாப்பாடு, கண் நிறையத் தூக்கம். கன்னத்தில் மங்கு இருந்தால் தோல் டாக்டர். இவ்வளவு போதும். இவை பெண்ணின் நிறத்தை மாற்றாது. மாற்றவும் வேண்டியதில்லை.

அடுத்த தடவை அந்த உறவுக்காரர், "பொண்ணு கொஞ்சம் மாநிறமா..." என்று இழுத்தால் முள்ளை மனசில் தைத்துக்கொள்ளாதீர்கள். "ஆமாங்க, எங்க வீட்டு நிறம் அது!" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, காபியைக் கொடுங்கள். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிற பெண்ணின் முகத்தில் வரும் பாருங்கள் ஒரு பளபளப்பு... அதை எந்த டப்பாவிலும் வாங்க முடியாது.